சவுரியம்மாள் நடக்காத நடை

"எழுதிக்க. ஆனா என் வயச மட்டும் போடாதே" என்றாள் சவுரியம்மாள். போடவில்லை. மகன் ஜான்சனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று மட்டும் சொல்கிறேன். மிச்சத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளிகொண்டாவுக்கும் ஆம்பூருக்கும் நடுவில், நெடுஞ்சாலையை ஒட்டி எங்கள் காலனி. காலையில் ஷூ கம்பெனி பஸ் வந்து ஆரன் அடித்தால் பாதிக் காலனி அதில் ஏறிவிடும். நான் பேக்கிங்கில் இருக்கிறேன். சவுரியம்மாள் தையல் லைனில். ஷூவின் மேல்தோல் துண்டுகளைப் பொருத்தி வைத்துத் தைக்கிற வேலை. அவளுக்குப் பக்கத்து மெஷினில் ஜெயசீலி. இவளைவிடச் சில வயது சின்னவள், வீட்டில் ஒரு கறவை மாடு வைத்திருக்கிறாள், அதிகம் பேசமாட்டாள். இவர்கள் இருவருக்கும் ஒரே லைன், பஸ்ஸில் ஒரே சீட்டு, ஒரே அன்பியம். அன்பியம் என்பது எங்கள் கோயிலில் தெருவாரியாகச் சேர்ந்து ஜெபம் சொல்கிற குழு. மாதம் ஒருமுறை, முறை வைத்து ஒவ்வொருவர் வீட்டிலும் கூடுவோம்.

சவுரியம்மாளுக்கு எதிலும் முன்வரிசை வேண்டும். சாவு வீட்டிலும் அவள்தான் முதலில் போய் உட்காருவாள், கல்யாண வீட்டிலும் அவள்தான். யார் வீட்டுக் குழம்பில் உப்பு ஜாஸ்தி என்பது வரைக்கும் அவளிடம் ஓர் அபிப்பிராயம் இருக்கும். அதே சவுரியம்மாள், என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது தினமும் ஷிப்டு முடிந்து வந்து என் வீட்டுப் பாத்திரத்தையும் சேர்த்துக் கழுவிப் போட்டாள். அவளை எனக்குப் பிடிக்கும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். பிடிக்காத நாட்களும் உண்டு.

இப்போது அவள் காலுக்கு வருகிறேன். ஷூ கம்பெனி என்றால் தரையில் குட்டி ஆணிகள் கிடக்கும். ஒருநாள் சாயந்திரம் அவளுடைய கணவர் தேவசகாயம், வீட்டுக்குள் இவள் நடக்கும்போது டக் டக்கென்று சத்தம் கேட்கிறதே என்று பார்த்திருக்கிறார். பாதத்தில் ஓர் ஆணி முழுசாக இறங்கியிருந்தது. கம்பெனியில் ஏறிய ஆணி. அதோடு பஸ்ஸில் வந்து, கடைக்குப் போய், சோறு வடித்து, தெருக்குழாயில் ஒரு சண்டையும் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஒன்றும் தெரியவில்லை. தேவசகாயம் குறடு எடுத்து வந்து பிடுங்கியபோதும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் சோதித்தபோது சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. பாதத்தில் இருந்த உணர்ச்சியை அது எப்போதோ தின்று தீர்த்திருந்தது. பெருவிரலுக்கு அடியில் வந்த அந்தப் புண் ஆறுவதற்கே பல மாதம் பிடித்தது.

இது எங்களில் யாருக்கும் தெரியாது. காய்ச்சல் என்று லீவு போட்டாள், நாங்களும் நம்பினோம். எங்கள் பக்கத்தில் சர்க்கரை என்று சொல்வதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. டீக்கடையில் நின்று நம்பரைச் சொல்லி ஒருவரை ஒருவர் மிஞ்சுவார்கள். ஆனால் கால் மரத்துப்போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோருடைய பார்வையும் விரல்களுக்குப் போய்விடும். வேறொரு நோயை, குஷ்டத்தை, நினைத்துக்கொள்வார்கள். அந்த நோய் மாத்திரையில் குணமாகத் தொடங்கி எத்தனையோ காலம் ஆகிறது. பேச்சுக்குத்தான் இன்னும் மாத்திரை வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். ஒரே ஜீப்பில் மூன்று படிப்பு. ராமமூர்த்தி சார் இயற்பியல். பாதத்தின் எந்த இடத்தில் எவ்வளவு எடை விழுகிறது, எங்கே சூடு ஏறுகிறது என்று அளந்து சொல்கிற, அப்பளம் போல மெல்லிய ஒரு தகட்டைச் செய்திருந்தார். சமீருல்லா ரோபோ செய்கிற பையன், ஆம்பூர்க்காரன். மூன்றாவது ஒரு டாக்டரம்மா. அவர் நோயாளியைப் பார்ப்பதைவிட, எந்தத் தெருவில் எத்தனை பேருக்கு எது வருகிறது என்று ஊரையே ஒரு நோயாளியாகப் பார்க்கிறவர். இந்த மூன்று பேருக்கும் சேர்த்து வெயிலில் நடக்கிறவள் ஷர்மிளா. விரிஞ்சிபுரத்துப் பெண், சமூகப்பணி படித்தவள்.

ஷர்மிளா வீடு வீடாக வந்தாள். கால் மரத்துப்போகிறதா, எரிகிறதா, செருப்பு கழன்று போனால் தெரிகிறதா என்று கேட்டாள். காலனி முழுக்க ஒரே பதில்: இல்லை. தண்ணீர் கொடுத்தார்கள், மோர் கொடுத்தார்கள், உட்காரப் பாய் போட்டார்கள், உண்மையை மட்டும் யாரும் கொடுக்கவில்லை. சவுரியம்மாளும் முதலில் இல்லை என்றுதான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் இருந்து பெயர் போயிருந்ததால் ஷர்மிளா இரண்டாவது முறையும் வந்தாள், கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள்.

முதலில் அவர்கள் கொண்டுவந்தது ஆஸ்பத்திரியில் அந்த நோய்க்காரர்களுக்கும் தருகிற கறுப்புச் செருப்பு. பட்டையாக ஒட்டுகிற வார், தடித்த ரப்பர். அதைப் பார்த்ததும் சவுரியம்மாள் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இத போட்டுக்கிட்டு நான் பஸ் ஏறுனா எறங்கறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும். என் பையனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

"சக்கர தானேக்கா? ஊர்ல பாதிப் பேருக்கு இருக்குது."

"அத யாரு கேக்கப் போறாங்க? செருப்பப் பாத்தாலே முடிவு பண்ணிடுவாங்க. வேணாம் கண்ணு, எனக்கு இந்தப் பேஜாரே வேணாம்."

பிறகு அவளே ஒரு நிபந்தனை போட்டாள். எல்லோரும் போடுகிற மாதிரியே இருந்தால் போட்டுக்கொள்கிறேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் கம்பெனியில், சின்னக் குறை இருப்பதால் ஏற்றுமதிக்குப் போகாத செருப்புகளைத் தொழிலாளர்களுக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்திருந்தார்கள். பழுப்பு வார், பின்னால் பக்கிள் இல்லாதது. லைனில் உள்ள பெண்கள் பாதிப் பேர் காலில் அதுதான். அதே மாதிரியில் ஒரு ஜோடிக்கு அடியைப் பிரித்து, மெத்தென்ற ரப்பர் வைத்து, அதற்குள் ராமமூர்த்தி சாரின் தகட்டைச் சொருகித் தைத்துக் கொடுத்தார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு நூல் கனம் கூடுதலாக இருக்கும். பெண்பிள்ளை செருப்பைக் கையில் எடுத்து எவன் பார்க்கிறான்?

செருப்பு சேர்த்து வைக்கிற கணக்கை வாங்கிக்கொள்ள லைனின் சுவரில் ஒரு சின்னப் பெட்டி மாட்டினார்கள். செருப்பு பக்கத்தில் வந்தால் பெட்டி தானாகவே வாங்கிக்கொள்ளும். அது எதற்கு என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. ஏற்கனவே கேமரா, விரல் வைக்கிற மெஷின், புகை வந்தால் கத்துகிற மெஷின் என்று சுவர் முழுக்கப் பெட்டிதான். இன்னொன்று கூடினால் நமக்கு இன்னா?

ஒரு சனிக்கிழமை சவுரியம்மாளைக் கார் வைத்து அழைத்துப் போய் ஆராய்ச்சிக்கூடத்தைக் காட்டினார்கள். அந்தப் பயணத்தைப் பின்னாளில் அவள் என்னிடம் சொன்னபோது கல்யாண ஊர்வலம் போல இருந்தது. கண்ணாடி அறைக்குள் ஓர் இரும்புக் கால். முழங்காலில் மோட்டார், கீழே ரப்பர் பாதம். செருப்பு அனுப்புகிற கணக்கை வைத்துக்கொண்டு அது அவளைப் போலவே நடக்கும். குதிகால் இறங்கி, வெளி ஓரம் தேய்ந்து, கடைசியில் பெருவிரலின் அடியில் மொத்த எடையையும் போட்டு ஓர் அழுத்து. அடியில் விதவிதமான ரப்பர்களை மாற்றி மாற்றி வைப்பார்கள். அவள் காலுக்கு எது தாங்கும், எது தேயும் என்று அவள் தேய்வதற்கு முன்பே அந்தக் கால் சொல்லிவிடும்.

"இது உங்க காலுதான்க்கா. நீங்க அங்க நடக்கறது இங்க நடக்குது" என்றான் சமீருல்லா.

"என் காலு இவ்ளோ ஒல்லியாவா இருக்குது?" என்றாள் சவுரியம்மாள். "சரி, நான் தூங்கும்போதும் இது நடக்குதே, இதுக்கு ஓவர்டைம் எவ்ளோ குடுக்கறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். ராமமூர்த்தி சார் மட்டும் சிரித்து முடித்தபின் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். "அம்மா, அந்தப் பெருவிரல் அடிதான் உங்களுக்கு ஆபத்து. போன தடவை புண்ணு மேலோட நின்னுச்சு. இன்னொரு தடவை வந்தா எலும்புக்குப் போகும். எலும்புக்குப் போனா பாதத்தையே எடுக்க வேண்டி வரலாம். இந்தச் செருப்பத் தவிர வேற எதையும் போட்டு நடக்காதீங்க" என்றார். சவுரியம்மாள் தலையாட்டினாள். அன்று வீட்டுக்கு வந்து அழுதாளாம். இதை அவள் சொல்லவில்லை, தேவசகாயம் சொன்னார்.

அதற்குப் பிறகு சார் சொன்னபடிதான் அவள் நடந்தாள். இதை அவளுக்காக நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் பலபேர் வேறு மாதிரிப் பேசினார்கள்.

தவக்காலத்தின் முதல் அன்பியக் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது. வாசலில் செருப்புக் குவியல். பாதிக்கு மேல் அதே பழுப்பு வார், அதே அளவுகள். ஜெபம் முடிந்து சுண்டல் கையில் வந்த நேரம் கம்பெனி பஸ் வந்து நின்று ஆரன் அடித்தது. அவசர ஆர்டராம், லைன் ஆட்கள் உடனே வரவேண்டுமாம். சுண்டலை வாயில் போட்டுக்கொண்டு, கிடைத்த செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு ஓடினார்கள். சவுரியம்மாள் வேறு யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு ஓடினாள். ஓடும்போதும் தெரியவில்லை, பஸ்ஸில் உட்கார்ந்தபோதும் தெரியவில்லை, அதற்கு அடுத்த நாளும் தெரியவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டிய கால் ஊமையாகி எவ்வளவோ நாளாகிவிட்டது.

இதில் கொடுமை என்னவென்றால், அங்கே ஆராய்ச்சிக்கூடத்தில் நல்ல செய்தி வர ஆரம்பித்தது. அவளுடைய நல்ல செருப்பு இன்னொருத்தி காலில் அதே லைனுக்குத்தான் வந்து போனது. பெட்டி பாட்டுக்கு வாங்கி அனுப்பியது. பெருவிரல் அடியில் எடை குறைந்துவிட்டது, சூடு இல்லை, நடை சீராகிவிட்டது. கண்ணாடி அறையில் இரும்புக் கால் முன்பு இழுத்து இழுத்து நடந்தது, இப்போது ஜம்மென்று நடந்தது. சமீருல்லா அதை வீடியோ எடுத்து அனுப்பினான். பக்கத்து ஊர்களில் இந்த மாதிரிச் செருப்பு வாங்கியவர்களையும் சேர்த்து, இத்தனை பேரில் இவளுக்குத்தான் சிறப்பாகப் பலன் கிடைத்திருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். மாதாமாதம் ஷர்மிளா நேரில் வந்து பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது வழக்கம். கணக்கு மோசமாக உள்ளவர்களை முதலில் பார்க்கலாம், சவுரியம்மாளுக்குப் போன் போதும் என்று ஷர்மிளாவிடம் சொல்லிவிட்டார்கள்.

ஷர்மிளா போனில் கூப்பிட்டாள். "சவுரியக்கா, உங்க நம்பரெல்லாம் சூப்பரா இருக்குது. சாயந்திரம் ஆனா நெறைய நடக்கறீங்க போல?"

சவுரியம்மாள் அப்போது கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமா கண்ணு. நீதானே நடக்கச் சொன்னே" என்றாள்.

"எங்கக்கா போறீங்க?"

"கோயில் மாதா கெபி வரைக்கும் போய்ட்டு அப்படியே ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன்."

ஏன் இப்படி ஒரு பொய்? நானும் பிறகு கேட்டேன். "அந்தப் பொண்ணு வெயில்ல அலைஞ்சு அலைஞ்சு கருத்துப் போச்சுடி. அது சந்தோஷமா கேக்குது. நான் போய் 'இல்ல, படுத்துக் கெடக்கறேன்'னு எப்படிச் சொல்றது?" என்றாள். எங்கள் ஆட்கள் அப்படித்தான். மாத்திரை போட்டீர்களா என்றால் போட்டேன், தண்ணீரைக் கொதிக்க வைத்தீர்களா என்றால் வைத்தேன். கேட்கிறவர் முகம் வாடக்கூடாது. எடையை அளக்கலாம், சூட்டை அளக்கலாம், இந்த மரியாதையை அளப்பதற்கு ராமமூர்த்தி சாரிடம் தகடு இல்லை. கொஞ்சம் பெருமையும் அதில் இருந்தது என்று நான் சொல்லுவேன். வகுப்பில் முதலாவதாக வராத சவுரியம்மாள் கால் கணக்கில் முதலாவதாக வந்துவிட்டாள்.

செருப்பில் இருந்து ஒரு வாடை வர ஆரம்பித்தது. அவள் தோல் வாடை என்று நினைத்தாள். தோல் பதனிடுகிற எங்கள் ஊர்க் காற்றில் பிறந்து வளர்ந்தவர்கள் எந்த நாற்றத்தைப் புதிதாகக் கவனிப்பார்கள்?

ஈஸ்டருக்கு முன்னால் வருகிற பெரிய வியாழன் வந்தது. அன்று பூசையில், இயேசு தன் சீடர்களுக்குச் செய்தது போல, சாமியார் பன்னிரண்டு பேருடைய பாதத்தைக் கழுவுவார். எப்போதும் ஆண்களைத்தான் உட்கார வைப்பார்கள். புதிதாக வந்த இளம் ஃபாதர் இந்த வருடம் பெண்களையும் சேர்த்தார். முன்வரிசை என்றால் சவுரியம்மாளைக் கேட்கவா வேண்டும்? புதுப் புடவை, தலைநிறையப் பூ. பீர்க்கங்கூடு வைத்துக் குதிகாலைத் தேய்த்துத் தேய்த்து வெள்ளையாக்கியிருந்தாள். பெருவிரலின் அடியில் தோல் காய்த்துத் தடித்திருந்தது. மேலே பார்த்தால் காய்ப்புதான். உள்ளே என்ன இருக்கிறது என்று அதை வைத்துத் தெரியாது.

ஃபாதர் ஒவ்வொருவராகக் கழுவி, துண்டால் துடைத்து, குனிந்து பாதத்தில் முத்தமிட்டுக்கொண்டு வந்தார். சவுரியம்மாளின் வலது காலில் தண்ணீர் ஊற்றினார். துண்டை வைத்து ஒற்றினார். அந்தக் காய்ப்பு அப்படியே பெயர்ந்து வந்தது. வெள்ளைத் துண்டில் இரத்தமும் சீழும். ஃபாதர் பாதத்தைக் கையில் ஏந்தியபடி அப்படியே இருந்தார். பாட்டுக்குழு ஒரு வரியைப் பாடி அடுத்த வரியை விட்டுவிட்டது.

"அம்மா, எழுந்திருக்காதீங்க" என்றார் ஃபாதர், மெல்லத்தான்.

சவுரியம்மாளுக்கு எதுவும் புரியவில்லை. அவள் எங்கள் முகங்களைப் பார்த்தாள். பிறகு துண்டைப் பார்த்தாள். "வலிக்கலையே ஃபாதர்" என்றாள். அவளுக்கு இயல்பிலேயே கணீரென்ற குரல். கோயிலின் கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்டது. அத்தனை நாள் மூடி வைத்ததை அவளே தன் வாயால், ஊர் முழுக்கக் கூடியிருந்த இடத்தில் சொல்லிவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்போது எழுதும்போதும் வருகிறது.

ஃபாதர் அதே துண்டைப் புண்ணில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு காரியம் செய்தார். குனிந்து அந்தப் பாதத்திற்கும் முத்தம் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் ஆட்டோ கூப்பிடச் சொன்னார்.

வேலூர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் தேவசகாயத்திடம் மறைக்காமல் சொன்னார். எலும்பு வரை போய்விட்டது. விரலோடு நிற்குமா, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டுமா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும். தேவசகாயம் வராந்தாவில் சுவரோடு சுவராக நின்றார். சமீருல்லாவும் ஷர்மிளாவும் ஓடி வந்தார்கள். ராமமூர்த்தி சார் லேப்டாப்பைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அதில் நேற்று மாலை வரை அந்தக் கால் ஊரிலேயே ஆரோக்கியமான கால். கடைசியில் செருப்பைக் கேட்டார். பிளாஸ்டிக் பையில் இருந்ததை வாங்கி அடியைக் கத்தியால் பிளந்தார்கள். உள்ளே தகடு இல்லை. சாதாரணக் கட்டை ரப்பர்.

"எங்க மெஷின் பொய் சொல்லல" என்றார் அவர், யாரிடம் என்றில்லாமல். "வேற யாரோ ஒருத்தரோட உண்மையச் சொல்லிக்கிட்டு இருந்திருக்குது. நான்தான் வந்து கால எடுத்துப் பாக்காம படத்தப் பாத்து சந்தோஷப்பட்டேன்." ஷர்மிளா அழுதுகொண்டே அவரைப் பார்த்தாள். அவள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. அந்த அழுகையைப் பார்த்தபின் போய்விட்டது.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை சமீருல்லா கம்பெனிக்கு வந்தான். கையில் போனைப் பிடித்துக்கொண்டு லைனில் மெஷின் மெஷினாக நடந்தான். செருப்பின் சிக்னல் கிட்டே போகப்போக அதிகமாகும். சவுரியம்மாளின் காலி ஸ்டூலைத் தாண்டி, அடுத்த மெஷினில் நின்றுவிட்டான். ஜெயசீலி காலைத் தூக்கித் தன் செருப்பைப் பார்த்தாள். அவளே கழற்றிக் கொடுத்தாள். பிளந்ததும் தகடு வந்தது. சாயந்திரமானால் ஏறிய அந்த நடையெல்லாம் அவளுடையது, ஆற்றங்கரையில் மாட்டுக்குப் புல் அறுக்கப் போன நடை.

"எனக்குத் தெரியாது" என்றாள்.

லைன் நின்றுவிட்டது. "மெத்தையில நடக்கறதுக்கும் கட்டாந்தரையில நடக்கறதுக்கும் உனக்கு வித்தியாசம் தெரியாதா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"சத்தியமா தெரியாது. தெரிஞ்சா குடுத்திருக்க மாட்டனா?"

"சொகமா இருந்துச்சு, வச்சுக்கிட்டே. அத ஒத்துக்க" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள், அது நல்ல சிரிப்பு இல்லை. செருப்பு மாறியது தெரியாத கால் எங்கேயாவது உண்டா? ஜெயசீலி மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்குச் செருப்பில்லாமலே பஸ் ஏறினாள். பக்கத்துச் சீட்டில் யாரும் உட்காரவில்லை.

சவுரியம்மாளுக்குக் கால் தப்பியது. பெருவிரலும் அதன் பின்னால் இருந்த எலும்பும் போயின, பாதம் நின்றது. டாக்டர் அதைச் சொன்னபோது தேவசகாயம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சமீருல்லா இரும்புக் காலை நிறுத்திவிட்டான். அது கற்றுக்கொண்ட அந்த அழகான நடையை முழுக்க அழித்துவிட்டு மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றான். ஊர் பேசியது, பேசாமல் இருக்குமா? ஆனால் ஃபாதர் முத்தம் கொடுத்ததைப் பார்த்த கண்கள் நிறைய இருந்ததால் நாங்கள் பயந்த பேச்சு அவ்வளவு தூரம் வளரவில்லை.

ஜெயசீலி ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். சவுரியம்மாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அவளுக்குத் தெரியும்" என்றாள் என்னிடம். "பக்கத்துலயே உக்காந்து என் கூடத்தானே சோறு தின்னா. மெத்து மெத்துன்னு இருந்துச்சு, வாய மூடிக்கிட்டா. என் கால எடுத்துக்கிட்டவ அவதான்." விரல் போனதைவிட இதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. வலி என்ற ஒன்றை அவள் உணர அந்த ஒரு வழிதான் மிச்சம் இருந்தது போல.

கறுப்புச் செருப்போடு வீடு திரும்பினாள். அதை இப்போது யாரும் மறைக்கவில்லை. அடுத்த அன்பியக் கூட்டம் அவள் வீட்டு முறை. ஜெயசீலி வரமாட்டாள் என்று நினைத்தோம். வந்தாள். வராவிட்டால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் அல்லவா? கதவோரமாக உட்கார்ந்தாள். சவுரியம்மாள் எல்லோருக்கும் டீ கொடுக்கச் சொன்னாள், அவள் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

ஜெபம் முடிந்ததும் ஷர்மிளா பேச அனுமதி கேட்டிருந்தாள். "இனிமே நான் எதுவும் கேக்க மாட்டேன்க்கா. கேட்டா நீங்க இல்லன்னுதான் சொல்வீங்க" என்றாள். எல்லோரும் சிரித்தோம். பையில் இருந்து பேனா போல ஒன்றை எடுத்தாள். அதன் நுனியில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்ட வேண்டும். அவள் இழையைப் பாதத்தில் வைத்து அது வளைகிற அளவுக்கு அழுத்துவாள். பட்டது தெரிந்தால் 'உம்' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

முதலில் நான். கூச்சமாக இருந்தது, 'உம்' சொல்வதற்குப் பதில் சிரித்துவிட்டேன். அடுத்து நாலைந்து பேர், எல்லோரும் சிரிப்பும் உம்மும்தான். வீடு கலகலவென்று ஆனது. ஷர்மிளா கதவோரம் போய் ஜெயசீலிக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஜெயசீலி காலைப் புடவையால் ஒருமுறை துடைத்துவிட்டு நீட்டினாள். மாட்டுக்குப் புல் அறுக்கிற கால், வெடித்துக் கிடந்தாலும் எல்லா விரலும் நன்றாக இருந்த கால். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்ற கவனம் முகத்தில் தெரிந்தது.

ஷர்மிளா பெருவிரல் நுனியில் இழையை வைத்தாள். இழை வில்லாக வளைந்தது. எடுத்தாள். விரலுக்கு அடியில் வைத்தாள், வளைந்தது. சுண்டுவிரல் பக்கம் வைத்தாள். நடுப்பாதத்தில் வைத்தாள். அடுத்த காலிலும் வைத்தாள்.

ஜெயசீலி காத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆரம்பிக்கலையா கண்ணு?" என்றாள்.

சிரிப்பு நின்றுபோயிற்று. ஷர்மிளா எங்களைப் பார்த்தாள். லைனில் அன்றைக்கு ஜெயசீலியைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோரும் அந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தோம்.

சவுரியம்மாள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கறுப்புச் செருப்பு தரையில் தேயத் தேய நடந்து கதவோரம் போனாள். சுவரைப் பிடித்து மெல்லக் கீழே உட்கார்ந்தாள்.

"தொட்டாச்சுடி சீலி" என்றாள். "எல்லா எடத்துலயும் தொட்டாச்சு."

ஜெயசீலி கண்ணைத் திறக்கவில்லை. சவுரியம்மாள் அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.